ஜபமும் மனமும்

"கடவுளின் பெயரை ஒரு முறை சொன்னால் அவருக்குக் கேட்காதா? எதற்காக நூற்றெட்டு முறை சொல்ல வேண்டும்?" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பதுண்டு. "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று பெரியவர்களில் பலர் அவர்கள் வாயை அடக்கிவிடுகின்றனர். வேறு சிலர், "சொன்னால் புண்ணியம்" என்று கூறி அப்பால் நகர்ந்துவிடுகின்றனர். ஆனால் பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வியே. அதற்கு விடை காண முயன்றால், யோக நெறியின் முக்கியமான பகுதி ஒன்று நமக்குத் தெளிவாக விளங்கிவிடும்.

சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வந்து வாழும் நமக்கு இந்த விடை மிகவும் வேண்டப்படுவது. ஊரில் இருந்தால் கோயில் மணி ஓசை நம்மை எழுப்பும். தேரும் திருவிழாவும் நம்மை அழைத்துச் செல்லும். இங்கே அவை இல்லை. இருக்கும் கோயிலுக்கும் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பாக்கு வெட்டியையும் அம்மியையும் விட்டுவந்த நாம், பெட்டியில் இடம் பிடிக்காத ஒரு பொருளை மட்டும் தவறாமல் உடன் கொண்டுவந்திருக்கிறோம். அதுதான் நம் பாட்டனும் பாட்டியும் நம் காதில் போட்ட இறைவன் நாமம். அந்தப் பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மந்திரம் என்னும் சொல்

'மந்திரம்' என்னும் சொல்லுக்கு வடமொழியார் தரும் பொருள், 'நினைப்பவனைக் காப்பது' என்பதாகும். இலக்கண வழியில் பார்த்தால், நினைப்பதற்குரிய கருவி என்றும் பொருள்படும். ஏர் உழுவதற்குக் கருவி. கத்தி அறுப்பதற்குக் கருவி. அவைபோல மந்திரம் நினைப்பதற்குக் கருவி. தொல்காப்பியரும் மந்திரத்துக்கு இலக்கணம் வகுத்திருக்கிறார். நிறைவான சொல் வன்மையுடைய பெரியோர் ஆணையாகச் சொல்லிவைத்த மறைவான சொல் என்பது அவர் கருத்து. ஆதலால் மந்திரம் என்பது தமிழர்க்குப் புதிதாக வந்த சரக்கன்று.

'ஜபம்' என்பதற்கோ, மெல்ல முணுமுணுத்தல் என்பதே அடிப்படைப் பொருள். தமிழில் அதைச் 'செபம்' என்றும் எழுதுவர். நம் சங்கத்துக் கிறிஸ்தவ அன்பர்கள் தங்கள் பிரார்த்தனைக்கு அச்சொல்லையே வழங்குகின்றனர். அவர்கள் கையில் இருப்பது செபமாலை. இஸ்லாமிய அன்பர்கள் தஸ்பீஹ் மணிகளை உருட்டி இறைவன் திருநாமங்களை எண்ணுகின்றனர். பௌத்தர்களுக்கும் நமக்குள்ளது போலவே நூற்றெட்டு மணி மாலை உண்டு. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்னும் வழியை இத்தனை சமயத்தாரும் கைக்கொண்டிருக்கிறார்கள் என்றால், மனித மனத்தின் இயல்பிலேயே அதற்குக் காரணம் இருத்தல் வேண்டும் அன்றோ?

பதஞ்சலி முனிவர் காட்டும் நெறி

யோக நூல்களுள் தலையாயது பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம். தில்லையில் இறைவனின் திருநடனத்தைக் கண்டு மகிழ்ந்தவராகவும், திருமூலரோடு சேர்த்து எண்ணப்படுபவராகவும் பதஞ்சலியைத் தமிழ் நாட்டு மரபு போற்றுகிறது. அவருடைய நூல் நான்கு பாதங்களை உடையது. சூத்திரங்கள் இருநூறுக்கும் குறைவு. உடலை வளைத்துச் செய்யும் ஆசனங்களே யோகம் என்று இன்று பலர் எண்ணுகின்றனர். அந்த நூலில் ஆசனத்தைப் பற்றிய சூத்திரங்கள் மூன்றே மூன்று. ஜபமோ முதற் பாதத்திலேயே பேசப்படுகிறது.

இறைவனைக் குறிக்கும் சொல் பிரணவம், அதாவது ஓங்காரம், என்று கூறிய பின், அதனைத் திரும்பத் திரும்பச் சொல்லுதலையும் அதன் பொருளை உள்ளத்தில் கொள்ளுதலையும் ஒன்றாக இணைத்து முனிவர் விதிக்கிறார். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். நாவுக்கு ஒரு வேலை. மனத்துக்கு ஒரு வேலை. இரண்டும் சேர்ந்ததே ஜபம்.

இதனால் வரும் பயன் யாது? மனம் உள்முகமாகத் திரும்பும். இடையூறுகள் நீங்கும் என்கிறார். அந்த இடையூறுகளை ஒன்பது என எண்ணிக் காட்டுகிறார்: நோய், மனத்தின் மந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல், புலன்களின் பின்னே ஓடும் ஆசை, பிறழ உணர்தல், முயன்றும் நிலையை எய்தாமை, எய்திய நிலையில் நில்லாமை. இவற்றோடு கூடவே வருவன நான்கு: துன்பம், மனக்கசப்பு, உடல் நடுக்கம், மூச்சின் ஒழுங்கின்மை.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது, காட்டில் தவம் செய்யும் முனிவர்க்கு மட்டும் உரியதாக இது தோன்றவில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும் குடும்பத் தலைவனுக்கும், விடியற்காலையில் தண்ணீர்க் குழாயடியில் நின்றுவிட்டு வந்து அடுப்பு மூட்டும் இல்லத்தரசிக்கும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கும் இந்த ஒன்பதும் நன்கு பழக்கமானவையே. கவலையில் மூச்சு ஒழுங்கு தவறுவதை அறியாதவர் யார்?

பதஞ்சலியார் நியமங்களுள் ஒன்றாகக் கூறும் 'ஸ்வாத்யாயம்' என்பதற்கு, மோட்ச நூல்களைக் கற்றல் என்பதோடு பிரணவம் முதலிய தூய மந்திரங்களை ஜபித்தல் என்றும் வியாசருடைய உரை பொருள் கூறுகிறது. கீதையில் கண்ணபிரான், வேள்விகளுக்குள் தான் ஜப வேள்வியாக இருப்பதாக அருளுகிறார். நெய்யும் சமித்தும் வேண்டாத வேள்வி அது. பிற உயிர்க்குத் தீங்கும் செலவும் இல்லாத வேள்வி.

மூவகை ஜபம்

ஜபம் மூன்று வகைப்படும். பிறர் காதில் விழும்படி சொல்வது வாசிகம். உதடு மட்டும் அசைய, தன் காதுக்கு மாத்திரம் கேட்குமாறு சொல்வது உபாம்சு. இதனை மந்தம் என்றும் சைவ நூல்கள் கூறும். உதடும் நாவும் அசையாமல் மனத்தினாலேயே சொல்வது மானசம். ஒன்றைவிட ஒன்று உயர்ந்தது என்பது நூல்களின் துணிபு. உபாம்சு நூறு மடங்கு, மானசம் ஆயிரம் மடங்கு என்று மனு ஸ்மிருதி அளவும் கூறுகிறது.

இதைப் படித்துவிட்டு, "நான் நேரே ஆயிரம் மடங்கிலேயே தொடங்கிவிடுகிறேன்" என்று புறப்படுவது எளிதாக முடியாது. மானச ஜபத்தில் மனம் நழுவிச் சென்றாலும் நழுவியது நமக்குத் தெரிவதில்லை. நாலு முறை சொன்னதும், ஊரில் உள்ள நிலத்தின் குத்தகைப் பாக்கி நினைவுக்கு வரும். அங்கிருந்து தம்பியின் கல்யாணம். அங்கிருந்து பண்டிகைக் கால ரயிலில் இடம் கிடைக்குமா என்ற கவலை. கால் மணி நேரம் கழித்துத்தான் மந்திரம் நினைவுக்கு வரும்! வாய்விட்டுச் சொல்லும்போது காதும் நாவும் காவலுக்கு நிற்கின்றன. ஆதலால் முதலில் சில நாள் வாய்விட்டு, பிறகு உதட்டளவில், பிறகு மனத்தளவில் என்று படிப்படியாகப் போவதே நலம். ஒரே அமர்வில்கூடத் தொடக்கத்தில் சில முறை வாய்விட்டுச் சொல்லி மனத்தை அமர்த்திய பின் உள்ளே செல்லலாம்.

நான்காவதாக, எழுதுகின்ற ஜபமும் ஒன்று உண்டு. அதற்கு 'லிகித ஜபம்' என்று பெயர். 'ஸ்ரீராமஜயம்' என்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதுகின்ற பாட்டிமார் நம் எல்லார் வீட்டிலும் இருந்திருப்பர். கண், கை, மனம் மூன்றும் ஒன்றிலேயே பொருந்துவதால், நினைவு அதிகமாக ஓடுபவர்க்கு இது மிகவும் ஏற்றது.

எண்ணும் முறை

ஜப மாலையில் நூற்றெட்டு மணிகளும், அவற்றின் தலையில் மேரு என்னும் ஒரு மணியும் இருக்கும். சைவர் உருத்திராக்கத்தையும், வைணவர் துளசி மணியையும் பெரிதும் விரும்புவர்; படிகம், சந்தனம் ஆகியவையும் உண்டு. நடுவிரலின் மேல் மாலையை வைத்துக் கட்டைவிரலால் மணிகளைத் தள்ளுவது வழக்கம். சுட்டுவிரல் மாலையில் படலாகாது என்பர். மேருவை அடைந்ததும் அதனைக் கடவாமல் மாலையைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் எண்ண வேண்டும்.

மாலை இல்லாதவர்க்கு விரல்களே மாலை. மோதிர விரலின் நடுக் கணுவில் ஒன்று எனத் தொடங்குக. அதன் அடிக் கணு இரண்டு. பின் சிறுவிரலின் அடி, நடு, நுனி மூன்று, நான்கு, ஐந்து. மோதிர விரல் நுனி ஆறு. நடுவிரல் நுனி ஏழு. சுட்டுவிரலின் நுனி, நடு, அடி முறையே எட்டு, ஒன்பது, பத்து. நடுவிரலின் எஞ்சிய இரு கணுக்களே இங்கு மேருவாகும், அவற்றைத் தொடுவதில்லை. இடக்கை விரல்களால் பத்துகளை எண்ணிக்கொள்ளலாம். ரயிலிலோ பஸ்ஸிலோ செல்லும்போது, பக்கத்தில் இருப்பவர் அறியாமலே இதனைச் செய்ய இயலும்.

எண்ணிக்கை எதற்கு? என் தொழிலே எண்ணுவதுதான். கூட்ஸ் ஆபீஸில் வேகன் எத்தனை, மூட்டை எத்தனை என்று எண்ணி எழுதி, ரசீதும் கணக்கும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பதில் என் நாள் கழிகின்றது. அங்கே ஒரு மூட்டை குறைந்தால் பொறுப்புச் சொல்ல வேண்டும். ஜபத்தில் எண்ணிக்கை அப்படிப்பட்டதன்று. இறைவன் நம்மிடம் ரசீது கேட்பதில்லை. "இன்று மனம் சரியில்லை, போதும்" என்று எழுந்துவிடாமல் நம்மை உட்காரவைப்பதே அதன் பயன். நூற்றெட்டு என்று வரையறுத்துக்கொண்டால், இருபதில் சலிப்பு வந்தாலும் மேரு கைக்கு வரும்வரை இருந்தாக வேண்டும். அந்தச் சலிப்பைக் கடக்கும் இடத்தில்தான் பயிற்சி தொடங்குகிறது.

பெரியோர்கள் செய்த அளவையும் நாம் நினைத்துப் பார்க்கலாம். சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான தியாகராஜ சுவாமிகள் (1767-1847) இருபத்தொரு ஆண்டுகளில் தொண்ணூற்றாறு கோடி ராம நாமம் ஜபித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கணக்கிட்டுப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு ஒன்றேகால் லட்சம் ஆகிறது. இரண்டெழுத்து நாமத்தை நொடிக்கு நான்கு முறை சொன்னாலும் ஏறக்குறைய எட்டேமுக்கால் மணி நேரம் நாள்தோறும் வேண்டும். அவர் வாழ்க்கை முழுவதும் அதுவாகவே இருந்தது என்பதை அந்த எண் நமக்குக் காட்டுகிறது. அதைக் கண்டு நாம் மலைக்க வேண்டியதில்லை. ஐந்தெழுத்தை நான்கு நொடிக்கு ஒரு முறை நிதானமாகச் சொன்னால், ஒரு மாலைக்கு ஏழு நிமிடமும் பன்னிரண்டு நொடியும் ஆகின்றன. இந்த ஏழு நிமிடம் இல்லாத வீடு எது?

மூச்சும் மந்திரமும்

யோக நூல்கள் மனிதன் ஒரு நாளில் 21,600 முறை மூச்சு விடுகிறான் என்று கூறும். நிமிடத்துக்குப் பதினைந்து என்று வைத்துப் பெருக்கினால் இத்தொகை சரியாக வருகிறது. வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுவதாக இன்றைய மருத்துவரும் சொல்கின்றனர். உள்ளே செல்லும் மூச்சும் வெளியே வரும் மூச்சும் 'ஸோ', 'ஹம்' என்று தாமே ஒலிப்பதாகக் கொண்டு, அதனை 'அஜபா' என்று யோகியர் அழைத்தனர். ஜபிக்காமலே நிகழும் ஜபம் என்பது அதன் பொருள். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவர்க்குச் சாதனை.

இக்காலத்து விஞ்ஞானிகளும் இதை ஆராய்ந்துள்ளனர். 2001-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், இத்தாலி நாட்டு ஆராய்ச்சியாளர் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. உடல்நலமுள்ள இருபத்துமூன்று பேர் கத்தோலிக்கர் லத்தீன் மொழியில் சொல்லும் மரியன்னை செபத்தையும், திபெத்திய பௌத்தரின் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்னும் மந்திரத்தையும் சொல்ல, அவர்களுடைய மூச்சும் இதயத் துடிப்பும் அளக்கப்பட்டன. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இதயத்தின் தாளமும் மூச்சோடு இசைந்து ஒழுங்குபட்டது. ஐரோப்பாவின் செபமும் ஆசியாவின் மந்திரமும் ஒரே அளவான மூச்சில் வந்து நின்றது வியப்புக்குரியதே.

அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்ஸன் 1975-ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் ஒன்றில், ஒரு சொல்லைத் திரும்பச் சொல்வதையும், வேறு நினைவு குறுக்கிட்டால் அதனோடு போராடாமல் மெல்ல அச்சொல்லுக்கே திரும்புவதையும் உடல் அமைதிக்கு வழியாகக் காட்டினார். அந்தத் 'திரும்புதல்' என்னும் சொல்லை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இவையெல்லாம் அமைதிக்குச் சான்று. நோய்க்கு மருந்து என்பதற்குச் சான்றாகா. இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரை நோய்க்கோ மருந்து சாப்பிடுபவர், மந்திரம் இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தலாகாது.

பெரியோர் வாழ்வில்

மந்திரம் மறைத்துவைக்க வேண்டியது என்ற எண்ணம் முன்னாளில் வலிமையாக இருந்தது. எட்டெழுத்தின் பொருளைப் பெறுவதற்காக இராமாநுசர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார் என்பர். வெளியிட்டால் நரகம் என்று எச்சரித்தே நம்பி அதனை உபதேசித்தார். தான் ஒருவன் நரகம் புகுந்தாலும் கேட்டவர் எல்லாரும் உய்வாராக என்று எண்ணிய இராமாநுசர், கோயில் உச்சியில் நின்று அதனை ஊர் அறியச் சொன்னார். குலமும் கல்வியும் கேளாமல் எவரும் இறைவன் நாமத்தைச் சொல்லலாம் என்பதற்கு இதனினும் பெரிய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

நம்மைப் போலவே தமிழ் நாட்டை விட்டு வடக்கே வந்து தங்கியவர் ஒருவர் உண்டு. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பத்தமடையில் 1887-இல் பிறந்து, மலேயாவில் மருத்துவராகப் பணிபுரிந்து, 1924-இல் ரிஷிகேசம் சென்று துறவு பூண்ட சுவாமி சிவானந்தரே அவர். ஜப யோகத்தைப் பற்றி அவர் தனி நூலே எழுதினார். இல்லறத்தார்க்கு லிகித ஜபத்தை மிகவும் வற்புறுத்தினார்.

ரயில்வேக்காரர்க்குப் பிடித்தமான வரலாறு சுவாமி ராமதாஸருடையது. 1884-இல் இன்றைய கேரளத்தின் வடகோடியில் பிறந்து, நெசவுத் தொழிற் கல்வி கற்று, வியாபாரத்தில் நொடித்துப்போன இல்லறத்தார் அவர். தந்தையார் சொல்லித்தந்த ராம மந்திரத்தையே துணையாகக் கொண்டு 1922-ஆம் ஆண்டு இறுதியில் மங்களூரை விட்டு ரயிலேறினார். ஈரோடு வழியாகத் திருவரங்கம் அடைந்து, காவிரியில் நீராடிக் காவி உடுத்தார். பிறகு பாரத நாடெங்கும் பெரும்பாலும் ரயிலிலேயே சுற்றினார். கையில் காசில்லை, டிக்கெட்டும் இல்லை. பரிசோதகர் ஏற்றினாலும் ராமன் செயல், இறக்கிவிட்டாலும் ராமன் செயல் என்று மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார். ரயில்வே ஊழியன் என்ற முறையில் டிக்கெட்டின்றிப் பயணம் செய்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய இயலாது! ஆனால் இறக்கிவிடப்பட்ட இடத்திலும் மனம் கசக்காத அந்தத் தன்மையை நாம் கற்றுக்கொள்ளலாம். அவர் நிறுவிய ஆனந்தாசிரமம் காஞ்ஞங்காட்டில் 1931 முதல் இருந்துவருகிறது.

மகாத்மா காந்தியடிகள் சிறுவயதில் பேய் பூதங்களுக்கு அஞ்சியவர். அதற்கு மருந்தாக ராம நாமத்தைச் சொல்லித்தந்தவர் வீட்டுப் பணிப்பெண்ணான ரம்பா என்பதை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். படிப்பறிவுள்ள எந்த ஆசிரியரும் செய்யாத உதவியை ஒரு செவிலித்தாய் செய்தாள்.

இவை எல்லாவற்றுக்கும் முடியாக அமைவது திருவண்ணாமலையில் நிகழ்ந்தது. பல ஆண்டுகள் மந்திர ஜபம் செய்திருந்த கணபதி சாஸ்திரியார், 1907-ஆம் ஆண்டு நவம்பரில் விரூபாட்சி குகைக்குச் சென்று, தவம் என்பது யாது என்று ரமணரை வினவினார். மந்திரத்தைச் சொல்லும்போது அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம் என்னும் கருத்துப்பட ரமணர் விடை கூறினார். அந்தப் பண்டிதரே பின்னர் அவருக்கு ரமண மகரிஷி என்னும் பெயரை வழங்கினார்.

பிள்ளைகளின் கேள்விக்கு விடை

இப்பொழுது பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். ஒரு முறை சொன்னாலே இறைவனுக்குக் கேட்கும். ஆனால் சொல்கின்ற நமக்குத்தான் கேட்பதில்லை! நாவு சொல்ல, மனம் வேறெங்கோ திரிகிறது. கையில் மாலை சுழல மனம் திசையெல்லாம் திரிவதைக் கபீர்தாசர் கடிந்தார். உள்ளே நாதனை உணராமல் முணுமுணுப்பதால் என்ன பயன் என்று நம் சிவவாக்கியரும் இடித்துரைத்தார். அவர்கள் பழித்தது ஜபத்தையன்று, மனமில்லாத ஜபத்தையே.

நூற்றெட்டு முறை சொல்கையில் மனம் ஐம்பது முறை ஓடலாம். ஓடியதை உணர்ந்து ஐம்பது முறையும் அதனைத் திருப்பிக் கொண்டுவந்தால், அந்த ஐம்பது திரும்புதலே அன்றைய ஜபத்தின் பயன். மேயப் போன பசுவை மாலையில் வீட்டுக்கு ஓட்டிவரும் சிறுவன், அதை அடிக்க வேண்டியதில்லை. வழியைக் காட்டினால் போதும். நாளடைவில் பசு தானே வரும். இரவு டியூட்டியில் வண்டி தாமதமாகிக் காத்திருக்கும் வேளைகளில் விரல் கணுக்களை எண்ணிச் சொல்லிப் பார்த்ததில் இது எனக்கு அனுபவமாகவே தெரிகிறது. ஓடாத மனம் வேண்டும் என்று உட்கார்ந்தால் எரிச்சலே மிஞ்சுகிறது. ஓடினால் திருப்புவேன் என்று உட்கார்ந்தால் அமைதி உண்டாகிறது. இவ்வாறு திரும்பிப் பழகிய மனம், கோபம் வரும் நேரத்திலும் கவலை வரும் நேரத்திலும் திரும்ப வழி அறிந்திருக்கும்.

நம் இல்லங்களுக்குச் சில சொற்கள்

முதலாவது, பிள்ளைகளைப் பற்றியது. இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் நம் பிள்ளைகள் பலர்க்குத் தமிழ் எழுத்துத் தெரிவதில்லை. 'ஐந்தெழுத்து', 'ஆறெழுத்து', 'எட்டெழுத்து' என்று நாம் சொன்னால் அவர்க்கு என்ன விளங்கும்? ந, ம, சி, வா, ய என்று ஐந்து எழுத்தையும், ச, ர, வ, ண, ப, வ என்று ஆறு எழுத்தையும், ஓம் என்பதோடு நமோ நாராயணாய என்று எட்டு எழுத்தையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். நாளைக்குப் பத்து வரி போதும். எழுத்தும் வரும், நாமமும் வரும். பொருளையும் கூடவே சொல்லுங்கள். 'சிவனுக்கு வணக்கம்' என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். பொருளோடு சேர்த்தே பதஞ்சலியார் ஜபத்தை விதித்தார் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, பணம் பற்றியது. "இந்த மந்திரத்துக்கு இவ்வளவு கட்டணம், இத்தனை நாளில் வேலை கிடைக்கும், வழக்கு ஜயிக்கும்" என்று விலை கூறுவோர் எல்லா நகரங்களிலும் உளர். தெரிந்தவர் துணையில்லாத ஊரில் கவலையோடு இருக்கும் குடும்பங்களே அவர்கள் வலையில் விரைவில் விழுகின்றன. தக்க குருவை அடைந்து தீட்சை பெறுதல் பெரும் பேறுதான். ஆனால் அம்மா சொல்லித்தந்த நாமத்துக்கு எவரிடமும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

மூன்றாவதே மிகவும் முக்கியமானது. கணவரை இழந்த பின் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு வந்து தங்கும் தாய்மார் நம்மிடையே பலர். மகனும் மருமகளும் வேலைக்குச் செல்கின்றனர். பேரன் பள்ளிக்குச் செல்கிறான். பக்கத்து வீட்டாரின் மொழி தெரியாது. தொலைக்காட்சியும் சலித்துவிடும். எங்கள் குடியிருப்பில் இத்தகைய மூதாட்டி ஒருவர் காலை முதல் மாலை வரை சன்னலோரம் அமர்ந்து உருத்திராக்க மாலையை உருட்டிக்கொண்டிருப்பார். "அம்மாவுக்கு ஜபம் இருக்கிறது, பொழுது போய்விடும்" என்று வீட்டார் நிம்மதியாக இருந்தனர். ஒரு நாள் என் மனைவி சென்று, எத்தனை மாலை ஆயிற்று என்று கேட்டாளாம். "யாராவது கதவைத் தட்டுவார்களா என்று கேட்டுக்கொண்டே எண்ணுகிறேன், எண்ணிக்கை எங்கே நிற்கிறது?" என்றாராம் அந்த அம்மாள்.

ஜபம் தனிமையைத் தாங்கும் வலிமை தரும். ஆயினும், நாம் முதியோரைத் தனிமையில் விட்டுவிடுவதற்கு அது ஒரு சாக்கு ஆகிவிடலாகாது. மாலையை அவர் கையில் கொடுத்துவிட்டு நாம் நம் பாட்டைப் பார்ப்பது பக்தியும் ஆகாது, அன்பும் ஆகாது. அந்த அம்மாளிடம் இப்போது குடியிருப்புப் பிள்ளைகள் நால்வர் மாலை நேரத்தில் தமிழ் எழுதப் போகின்றனர். அவர் ஐந்தெழுத்தைச் சொல்ல அவர்கள் எழுதுகின்றனர். ஜபமும் நடக்கிறது, பேச்சும் நடக்கிறது.

நான்காவது, நேரம் பற்றியது. விடியற்காலை சிறந்தது என்பர் பெரியோர். ஷிப்டு முறையில் வேலை செய்பவர்க்கு விடியல் என்பதே வாரந்தோறும் மாறுகிறது. அவர்கள் குளித்தவுடன் என்றோ, படுக்குமுன் என்றோ ஒன்றை நிலையாக வைத்துக்கொள்ளலாம். ஒரே நாமம், ஒரே இடம், ஒரு மாலை. இந்த மூன்றையும் மாற்றாமல் மூன்று மாதம் செய்து பாருங்கள். வாரம் ஒரு மந்திரம் என்று மாற்றுவது, பத்தடி ஆழத்தில் பத்துக் கிணறு தோண்டுவது போலாகும். வாகனம் ஓட்டும்போதும், இயந்திரத்தின் அருகே நிற்கும்போதும் கவனம் முழுவதும் தொழிலில் இருக்கவேண்டும். ஜபத்துக்கு அது நேரமன்று.

குடும்பத்தார் அனைவரும் வாரம் ஒரு நாளாவது விளக்கேற்றி, ஏழு நிமிடம் சேர்ந்து அமரலாம். மூத்தவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் தொடரட்டும். முடிந்தபின் உடனே எழுந்து ஓடாமல் ஒரு நிமிடம் பேசாதிருங்கள். பிறகு பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டாலும் பொறுமையாக விடை சொல்லுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளைதான் நாளை அந்த நாமத்தைத் தன் பிள்ளைக்கும் சொல்லித்தரும். அன்பர்கள் இன்றே ஒரு மாலையேனும் தொடங்குவார்களாக.